'டயர்ட் அண்ட் ஹங்ரி' என்று எழுதியதற்கு அரை மார்க் போனது. யார் சொல்வது சரி?

மாடி டியூஷன், திண்டுக்கல்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் தன் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மழை நாளைப் பற்றிய கட்டுரை. அதில் ஒரு வரி: "மை பிரதர் கேம் ஹோம் டயர்ட் அண்ட் ஹங்ரி." கடைசிச் சொற்களை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் 'டயர்ட்லி அண்ட் ஹங்ரிலி' என்று திருத்தியிருந்தது. அரை மார்க் போய்விட்டது.

படித்தவுடன் அவள் எழுதியதுதான் என் காதுக்குச் சரியாகப் பட்டது. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. 'கேம்' வினைச்சொல். வினையை விவரிப்பது அட்வெர்ப், பெயரை விவரிப்பது அட்ஜெக்டிவ். நானே இப்படித்தான் சொல்லித் தருகிறேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால் திருத்தியவர் சொல்வதுதான் சரி. "அக்கா, ஒரு கதையில படிச்சு எனக்குப் பிடிச்சு எடுத்து வச்சிருந்தேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

இரண்டு அட்ஜெக்டிவ்கள் 'அண்ட்' போட்டுச் சேர்ந்து வினைக்குப் பின்னால் இப்படி வரலாமா? எந்தெந்த வினைக்குப் பின்னால் வரும்? செவ்வாய்க்கிழமை மறுபடி வருவாள். அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போட்டித் தேர்வர்

விதிப்படி 'லி' வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். "ஹி ரன்ஸ் குயிக்லி", "ஷி சிங்ஸ் ஸ்வீட்லி" போலத்தான் இதுவும். பேச்சில் எப்படியும் சொல்வார்கள், பரீட்சையில் எழுதினால் மார்க் போகும்.

பழைய ஆங்கில வாத்தியார்

அம்மா, உங்கள் மாணவி எழுதியது முழுக்கச் சரி. பேச்சு வழக்கு என்றும் ஒதுக்க வேண்டாம், நல்ல எழுத்து ஆங்கிலம் அது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். இந்த இடத்தில் நம் பிள்ளைகள் வருடா வருடம் தடுக்கி விழுவார்கள். காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது.

'தம்பி வேகமாக வந்தான்.' 'தம்பி சோர்வாக வந்தான்.' இரண்டிலும் 'ஆக' இருக்கிறது. வேகம் எதற்கு? வந்ததற்கு. சோர்வு யாருக்கு? தம்பிக்கு. தமிழ் இரண்டுக்கும் ஒரே 'ஆக' போட்டு முடித்துவிடும். ஆங்கிலம் அப்படி விடாது. செயலைச் சொன்னால் 'லி', ஆளைச் சொன்னால் வெறும் அட்ஜெக்டிவ். நாம் 'ஆக' கண்ட இடமெல்லாம் 'லி' போட்டுப் பழகிவிட்டோம். 'சாம்பார் ருசியாக இருக்கிறது' என்பதை "தி சாம்பார் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி" என்று எழுதுவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது இதுதான்:

"ஷி லுக்ட் ஹேப்பி அண்ட் ப்ரவுட்."
"ஷி லுக்ட் ஹேப்பிலி அண்ட் ப்ரவுட்லி அட் ஹெர் சன்."

முதல் வாக்கியத்தில் பார்ப்பவர்கள் நாம். அவள் முகத்தில் சந்தோஷமும் பெருமையும் தெரிகின்றன. இரண்டாவதில் பார்ப்பவள் அவள். மகனை எப்படிப் பார்த்தாள் என்று 'லி' சொல்கிறது. வினை ஒன்றுதான், இரண்டெழுத்து வந்ததும் பார்க்கிற ஆளே மாறிவிடுகிறார். பிள்ளைகள் இதை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் அப்புறம் மறப்பதில்லை.

'டயர்ட்லி', 'ஹங்ரிலி' என்று சொற்கள் இல்லாமல் இல்லை. "ஹி ஏட் ஹங்ரிலி" என்றால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். "ஹி சைட் டயர்ட்லி" என்றால் அலுப்போடு பெருமூச்சு விட்டான். வீட்டுக்கு வந்த பையன் விஷயத்தில் பசி அவன் வயிற்றில் இருக்கிறது, நடையில் இல்லை.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "ஹி கேம் ஹோம். ஹி வாஸ் டயர்ட் அண்ட் ஹங்ரி." பொருள் மாறவில்லை, அதனால் அட்ஜெக்டிவ். மேலே நண்பர் சொன்ன "ஷி சிங்ஸ் ஸ்வீட்லி"யை உடைத்தால் "ஷி இஸ் ஸ்வீட்" என்று வரும். பாட்டு இனிமை என்றது போய், பெண் இனியவள் என்று ஆகிவிட்டது. அதனால் அங்கே 'லி' வேண்டும்.

எந்தெந்த வினை என்று கேட்டீர்கள். கம், கோ, ரிட்டர்ன், அரைவ், சிட், ஸ்டாண்ட், லை எல்லாவற்றோடும் வரும். "ஹி டைட் புவர் அண்ட் அலோன்" என்பார்கள். செயப்படுபொருளைப் பற்றியும் வரும்: "ஷி டிரிங்க்ஸ் ஹெர் காஃபி ஹாட் அண்ட் ஸ்ட்ராங்." சூடு காபிக்கு. "ஷி வைப்ட் தி டேபிள் கிளீன் அண்ட் டிரை" என்பது இன்னும் அழகு. மேஜை முதலில் சுத்தமாக இல்லை, துடைத்ததால் அப்படி ஆனது. அந்த இரண்டு சொற்களும் வினையின் விளைவைச் சொல்கின்றன.

கப்பல்காரன், தூத்துக்குடி

சரக்குக் கப்பலில் பதினெட்டு வருடம் இருந்தவன். எங்கள் படிப்பில் ரேடியோவுக்கு என்று வரையறுத்த ஆங்கிலம் உண்டு. குரல் எப்படிக் கேட்கிறது என்றால் ஒன்று முதல் ஐந்து வரை சொல்ல வேண்டும், ஐந்து என்றால் 'எக்ஸலென்ட்'. ஆனால் விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டால் பாதிப் பேர் "ஐ ரீட் யூ லவுட் அண்ட் கிளியர்" என்றுதான் சொல்வார்கள், உங்கள் குரல் உரக்கத் தெளிவாகக் கேட்கிறது என்று அர்த்தம். சார், இதை உங்கள் முறைப்படி உடைத்தால் "ஐ ஆம் லவுட்" என்று வருகிறதே? 'ஹை அண்ட் டிரை' மட்டும் எனக்குப் புரிகிறது. நீர் வற்றியதும் தரை தட்டி நிற்கிற கப்பல், அந்த நிலை கப்பலுக்குத்தான்.

பழைய ஆங்கில வாத்தியார்

நல்ல கேள்வி. 'லவுட் அண்ட் கிளியர்' வேறு வகை. பார்வைக்கு அட்ஜெக்டிவ், செய்வது அட்வெர்ப் வேலை. பழைய ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவோடு ஒரு 'எ' ஓசை சேர்த்தாலே அட்வெர்ப் ஆகிவிடும். 'ஹ்லூட்' என்றால் உரத்த, 'ஹ்லூடெ' என்றால் உரக்க. வாயில் புழங்கிப் புழங்கி அந்த 'எ' தேய்ந்துபோக, இரண்டும் ஒரே உருவத்தில் நின்றுவிட்டன. "தே வொர்க்ட் லாங் அண்ட் ஹார்ட்" என்பதும் இந்த மாதிரிதான். அங்கே 'ஹார்ட்லி' போட்டால் 'வேலையே செய்யவில்லை' என்கிற அளவுக்குப் பொருள் புரண்டுவிடும்.

இன்னொன்று, "வீ அரைவ்ட் சேஃப் அண்ட் சவுண்ட்." இந்த 'சவுண்ட்' சத்தம் இல்லை. நலமான, சேதமில்லாத என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் 'யெசுண்ட்', ஜெர்மனில் இன்றும் 'கெசுண்ட்'. சத்தம் என்கிற 'சவுண்ட்' லத்தீன் வழியாக வந்த வேறு சொல். 'சேஃப்லி அண்ட் சவுண்ட்லி' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. 'சவுண்ட்லி' தூக்கத்துக்குச் சொல்வது. இந்த ஜோடியைத் திருப்பிப் போடவும் முடியாது. நாம் 'அல்லும் பகலும்' என்கிறோம், 'பகலும் அல்லும்' என்பதில்லையே, அது மாதிரி. யாகோவ் மல்கியேல் என்ற மொழியியலாளர் 1959இல் இப்படிப்பட்ட இணைச்சொற்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 'டயர்ட் அண்ட் ஹங்ரி' அப்படி உறைந்த ஜோடி இல்லை, முன்பின்னாக எழுதலாம்.

மாடி டியூஷன், திண்டுக்கல்

சார், ரொம்ப நன்றி. 'லுக்ட்' வாக்கியங்களைச் செவ்வாய்க்கிழமை சிலேட்டில் எழுதிப்போட்டேன். ஐந்து பேரும் மாறி மாறி நடித்தே காட்டினார்கள். பரீட்சைத் தாளைத் தந்த பெண் ஒரு கேள்வி கேட்டாள்: "எ டயர்ட் அண்ட் ஹங்ரி பாய்" என்று முன்னால் போட்டாலும் 'அண்ட்' வேண்டுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் அந்த அரை மார்க்கை மிஸ்ஸிடம் கேட்கலாமா?

பழைய ஆங்கில வாத்தியார்

பெயருக்கு முன்னால் வந்தால் 'எ டயர்ட், ஹங்ரி பாய்' என்று கமா போதும், 'அண்ட்' போட்டாலும் தப்பில்லை. வினைக்குப் பின்னால் வரும்போது 'அண்ட்' வேண்டும். இரண்டு நிறம் சேர்ந்து வந்தால் விலக்கு: 'எ பிளாக் அண்ட் வைட் கேட்'. அங்கே பூனையின் ஒரு பகுதி கறுப்பு, ஒரு பகுதி வெள்ளை, அதனால் 'அண்ட்' இருந்தே தீர வேண்டும்.

மிஸ்ஸிடம் கட்டாயம் கேட்கட்டும். "தப்பு" என்று ஆரம்பிக்க வேண்டாம். உடைத்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், "மிஸ், இப்படிப் பிரிச்சா பொருள் மாறலையே, அப்ப 'லி' வேணுமா?" என்று கேட்டால் போதும். பிள்ளைகள் அப்படி வந்து கேட்டு நானும் மார்க்கைத் திருத்தியிருக்கிறேன்.

மாடி டியூஷன், திண்டுக்கல்

நாளைக்குக் கேட்கப் போகிறாள் சார். அதற்குள் நோட்டில் இன்னொன்று எழுதி வைத்திருக்கிறாள்: "தி கேட் சாட் வெட் அண்ட் கோல்ட் அண்டர் தி ஸ்கூட்டர்."