பரம்பரை நரம்பு நோய்க்குச் சத்து மாத்திரை: நேரில் கண்டவை

மஞ்சக்குப்பம், கடலூர்:
என் தம்பிக்கு இருப்பது கால், கை நரம்புகளை மெல்ல நலியச் செய்யும் சார்க்கோ-மாரி-டூத் 1ஏ என்ற பரம்பரை நோய் என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. உறவினர் சொல்லி வீட்டுக்கு வந்த ஊட்டச்சத்து முகவர், தம்பியை நாற்காலியில் உட்காரவைத்துப் பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். விரல்கள் சிறிது அசைந்தன, பாதம் எழவில்லை. உடனே அவர் அதைத் தம் கையில் தாங்கிப் பிடித்து, "மூன்றே மாதத்தில் இது தானாக நிற்கும், அம்மா" என்றார். டப்பாவில் இருந்தவை சாதாரண பி வைட்டமின்கள். அதன்பின் ஒவ்வொரு காலையும் அம்மா தம்பியின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
இதே நோய்க்கு என் பெரியப்பா மகன் வைட்டமின் சி உட்கொண்டுவந்தார். அது மூடநம்பிக்கை அன்று. பிஎம்பி22 மரபணு ஒரு பிரதி மிகுந்து வரும் இந்த நோயைக் கொண்ட எலிகளுக்கு அது பலன் தந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. ஆனால் இத்தாலியிலும் பிரிட்டனிலும் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து 2011-இல் வெளியிட்ட முடிவில், மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்காவில் 4 கிராம் கொடுத்தும் பயனில்லை. மருத்துவர் இதை விளக்கியபோது அண்ணன் ஒன்றும் பேசாமல், சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நெல்லிக்குப்பம்:
லாஸ்பேட்டை நண்பர் எழுதியதைப் படிப்பவர்கள் எல்லாச் சத்து மாத்திரைகளும் வீண் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அது சரியன்று. என் சித்தி மகளின் தள்ளாட்டத்தை ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா என்ற, நடையைத் தடுமாறச் செய்யும் வேறொரு பரம்பரை நரம்பு நோய் என்றே எண்ணியிருந்தோம். இரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறத்தாழ இல்லவே இல்லை என்று அறிக்கை வந்த அன்று, "அப்படியானால் இதற்கு மருந்து உண்டா?" என்று அவள் கேட்ட குரல் இன்னும் காதில் நிற்கிறது. அந்த வைட்டமினைக் கல்லீரலிலிருந்து இரத்தத்தில் சேர்க்கும் புரதம் மரபிலேயே பழுதுபட்ட நோய் அது. வாழ்நாள் முழுதும் உயர் அளவில் வைட்டமின் ஈ உட்கொண்டால் நோய் முற்றாமல் தடுக்கலாம். எந்த மரபணு என்று தெரியாமல் மாத்திரையைப் புகழ்வதும் பழிப்பதும் ஒன்றுதான்.

மஞ்சக்குப்பம் நண்பர் அந்த டப்பாவில் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பார்க்க வேண்டும். அது நெடுநாள் மிகுந்த அளவில் உடலில் சேர்ந்தால் உணர்வு நரம்புகளையே கெடுக்கும். ஏற்கெனவே மரத்துப்போன காலில் அந்தக் கேட்டை நோயின் வளர்ச்சி என்றே நினைத்துவிடுவோம். பி12 அளவை இரத்தப் பரிசோதனையில் பாருங்கள். குறைவிருந்தால் அதை ஈடுசெய்வது அவசியம், இல்லையெனில் மேலும் கொடுப்பதில் பயனில்லை. தொங்கும் பாதத்துக்குக் காலின் அளவெடுத்துச் செய்யும் கணுக்கால் தாங்கி இருக்கிறது. டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.