வீராணம் ஏரி: பழைய நீர்மட்டப் பதிவு தேவை

காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை பக்கத்து நண்பர்களே, 2004இல் சென்னைக்குக் குடிநீர் போகத் தொடங்கியதிலிருந்து வீராணத்தின் தினசரி நீர்மட்டம் யாரிடமாவது இருக்கிறதா? கையால் எழுதிய நோட்டின் போட்டோ போதும்.

கூடவே எந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் மட்டம்–கொள்ளளவு அட்டவணையும் வேண்டும், எந்த ஆண்டுடையது என்ற குறிப்போடு. முழு மட்டமான 47.50 அடி கடல்மட்டத்திலிருந்து அளப்பது, ஏரியின் ஆழம் அல்ல. அதை வைத்துச் சதவீதம் போட்டால் கணக்கே தப்பாகும். இருக்கும் தண்ணீரின் அளவை முழுக் கொள்ளளவான 1,465 மில்லியன் கன அடியோடுதான் ஒப்பிட வேண்டும். ஒவ்வோர் அடியிலும் ஒரே அளவு தண்ணீர் இருக்காது: மேலே உள்ள ஓர் அடியில் நீர் அகலமாகப் பரவும், கீழே உள்ள ஓர் அடியில் குறைவு. வண்டல் படிந்தால் அதே மட்டத்தில் தண்ணீர் இன்னும் குறையும்.

கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வடவாற்றில் தண்ணீர் விட்ட தேதியும் அவசியம். அந்தத் தண்ணீர் வரும் மேட்டூர் அணையை எல்லா ஆண்டும் ஜூன் 12இல் திறப்பதில்லை. வெறும் தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் ஏமாற்றும். பதிவில்லாத நாளைக் காலியாக விடுங்கள், தயவுசெய்து பூஜ்யம் போடாதீர்கள்.