கூழாங்கல் வீச அடிப்பூச்சு எப்படி?

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். சுங்கை சிப்புட்டில் அப்பா கட்டிய செங்கல் வீட்டின் வெளிச்சுவரில் கூழாங்கல் வீசிப் பதிக்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை முறை சாயம் அடித்தாலும் பாசி பிடித்துவிடுகிறது, அலுத்துப்போச்சு.

ஜன்னலுக்குக் கீழே பழைய பூச்சைத் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். அதைக் கொத்தியெடுத்தே ஆகவேண்டும், சரி. அப்புறம் அடிப்பூச்சைப் போட்டு, இறுகுவதற்குள் கீறிவிட்டு, மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே கல்லை வீச வேண்டும் என்பதும் தெரியும். குழப்பமெல்லாம் கலவையில்தான். கொத்தனார் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்கிறார். பழைய செங்கல்லுக்கு அது ரொம்பக் கெட்டி, வெடித்துவிடும் என்று எனக்குப் பயம். சுண்ணாம்பு சேர்த்து 1:1:6 (சிமெண்டு, சுண்ணாம்பு, மணல்) போட்டால் கல்லின் கனத்தைத் தாங்குமா? மூட்டையில் வரும் ரெடிமேட் கலவையே மேலா? சாயங்கால மழைக்குக் கித்தான் கட்டி வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?