சபைக்கு வெளியே எனக்கு யாரையுமே தெரியவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

ஈசோப்பு:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் இரட்சிக்கப்பட்டு 12 வருடம் ஆகிறது. ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு என்று வாரம் ஓடிவிடும். போன வாரம் பாஸ்டர் ஒரு தாளைக் கொடுத்து, ஆண்டவரை அறியாத ஐந்து நண்பர்களின் பெயரை எழுதி ஜெபிக்கச் சொன்னார், என்னால் ஒரு பெயர்கூட எழுத முடியவில்லை. அன்று ராத்திரி அழுதேன். வருடத்துக்கு ஒரு தரம் தெருவில் இறங்கி, இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுக்கிறோம், அப்புறம் வேனில் ஏறித் திரும்பி வந்து நமக்குள்ளேயே சாட்சி சொல்லிக்கொள்கிறோம். வாங்கியவர்களில் ஒருவர் முகமும் நினைவில் இல்லை. ஆண்டவரை அறியாதவர்களைக் குறித்து மனதில் பாரம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

கடுகுவிதை:
சகோதரி, எருசலேம் சபையே இப்படித்தான் இருந்தது. சமாரியா, பூமியின் கடைசிபரியந்தம் எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள் என்று ஆண்டவர் சொல்லிவிட்டுப் போன பிறகும், முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் கொல்லப்பட்டுத் துன்பம் வந்த பிறகுதான் சிதறிப் போனார்கள். அப்போஸ்தலர் 8:1-ஐ நிதானமாகப் படியுங்கள், சிதறியவர்கள் அப்போஸ்தலர் தவிர மற்றவர்கள். அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவர்களும் சீப்புரு, சிரேனே ஊர்க்காரர்கள் சிலர், அவ்வளவுதான், அவர்கள் பெயர்கூட எழுதப்படவில்லை. ஆகவே ஊழியக்காரர் போகட்டும் என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது. பயத்துக்கும் ஒன்று சொல்கிறேன். ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்களைத் தேடுவது ஏறக்குறைய பாவம் என்று நினைத்திருந்த ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகர், 1739 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலில் திறந்தவெளியில் நின்று பிரசங்கித்தார். மனமில்லாமல்தான் போனார், ஆனாலும் போனார்.

இரண்டாம்_மைல்:
சரி, ஆனால் இன்னொரு கூட்டம் ஏற்பாடு செய்வதுதான் வெளியே போவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லூக்கா 10-ல் எழுபது பேரை அனுப்பும்போது பணப்பை வேண்டாம், வீட்டுக்கு வீடு மாறாமல் ஒரே வீட்டில் தங்கி அவர்கள் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார், அதாவது விருந்தாளியாகப் போகச் சொல்கிறார். நாமோ எப்போதும் ‘எங்கள் சபைக்கு வாங்க’ என்று கூப்பிடுகிறவர்களாகவே இருக்கிறோம், நம் இடம், நம் பாட்டு, நம் மைக். சமாரிய ஸ்திரீயிடம் இயேசு முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். அவருக்கு அவளிடம் கேட்க ஒன்று இருந்தது. நாம் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பிலேயே போவதால் எதிரில் இருப்பவரும் ஒரு மனுஷர் என்பதே மறந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் ஏதாவது உதவி கேட்டுத்தான் பாருங்களேன்.

அத்திமர_நிழல்:
கைப்பிரதியைக் குறைத்துப் பேசாதீர்கள். பேருந்தில் யாரோ விட்டுப்போன ஒன்றுதான் என்னைத் தொட்டது.

வெளியிலிருந்து_வந்தவன்:
நான் சபையில் வளர்ந்தவன் இல்லை. அம்மாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். கூட வேலை பார்த்த ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார், ஒன்றரை வருடம். சபைக்கு வா என்று ஒருநாளும் சொல்லவில்லை. அம்மா இறந்த பிறகு நான்தான் கேட்டேன், ஏன் இதெல்லாம் செய்தீர்கள் என்று. அன்றுதான் இயேசுவைப் பற்றிப் பேசினார், ஒளிக்காமல், முழுசாக. 1 பேதுரு 3:15-ல் கேட்கிறவர்களுக்கு உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று இருக்கிறதே, யாராவது கேட்கும்படி நாம் வாழ்கிறோமா என்பதுதான் என் கேள்வி. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், உதவியைத் தூண்டிலாக்காதீர்கள். அவர் மனதில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அம்மா முதல் வாரமே கண்டுபிடித்திருப்பார்.

ஈசோப்பு:
இதை இரண்டு தரம் படித்தேன். இன்று பாடகர் குழுத் தலைவரிடம் சனிக்கிழமை வர முடியாது என்று சொல்லிவிட்டேன், அவருக்கு வருத்தம்தான். மாடி வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மா தையல் தெரிந்தவர், சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர் பெயரைத் தாளில் எழுதிவிட்டேன்.