விசாவா, நுழைவிசைவா? வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

மடல் 1

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களுக்காக இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு போடுகிறோம். தமிழாக்கம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான்கைந்து சொற்கள்தான் பாக்கி, அவற்றிலேயே ஒரு வாரமாக நிற்கிறேன்.

ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவும் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்குள் வர வாங்குவது ஷெங்கன் விசா. அதில் மூன்று வகை. விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே இருந்து விமானம் மாறுகிறவர்களுக்கு ஏ. சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கு சி. இதில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. 90 நாளைத் தாண்டித் தங்கிப் படிக்க, வேலை பார்க்க, குடும்பத்தோடு சேர டி. அதை அந்தந்த நாடு தன் சட்டப்படி கொடுக்கிறது. எங்கள் கையேடு சி வகைக்கு மட்டும்.

கேள்விகள் இவை. விசாவுக்கு என்ன சொல்? அழைத்துச் செலவை ஏற்கும் பிள்ளைக்கு என்ன சொல்? பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா ஸ்டிக்கரில் இருக்கும் இரண்டு கால அளவுகளை எப்படிப் பிரித்துச் சொல்வது?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். ஏன் என்று சொல்கிறேன். என் அம்மாவுக்கு வந்த ஸ்டிக்கரில் மே 3 முதல் ஜூன் 16 வரை என்று தேதி. அதே ஸ்டிக்கரில் சின்னதாக 30 நாள் என்றும் இருந்தது. அம்மா, “ஜூன் 16 வரைக்கும் இருக்கே” என்று சொல்லி ஜூன் 14-க்குத் திரும்பும் டிக்கெட்டை மாற்றிவிட்டார். மே 5 அன்று வந்து இறங்கினால் ஜூன் 3-தான் கடைசி நாள், ஏனென்றால் வரும் நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும். தேதிகளுக்கு நடுவில் கூடுதலாக இருக்கும் 15 நாள், பயணம் முன்னே பின்னே ஆனால் சமாளிக்கக் கொடுப்பது. கூடுதலாகத் தங்குவதற்கு அல்ல. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த 30 கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் பதினோரு நாள் கூடுதலாக இருந்திருப்பார். அடுத்த முறை விசா கேட்டால் அது வந்து முன்னால் நிற்கும்.

உதவுங்கள்.
வ., ஸ்டுட்கார்ட்

மடல் 2

அம்மா, வணக்கம்.

முதல் கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்கிறது. நுழைவிசைவு. நுழைவு + இசைவு. நன்னூல் 164-இல் “உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்” என்று தொடங்கி “முற்றும் அற்று ஒரோவழி” என்று முடிப்பதால், அதாவது உயிரெழுத்து வந்தால் முன்சொல்லின் ஈற்று உகரம் மறையும் என்பதால், நுழைவு என்பதில் உள்ள முற்றியலுகரமும் ஓடிவிடுகிறது. புணர்ச்சியில் குறையில்லை, பொருளிலும் குறையில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு வந்தபோதும் யாருக்கும் புரியாது என்றார்கள். இன்று அதைத் தெரியாதவர் யார்? எழுத எழுதத்தான் சொல் பழகும். பன்னிரண்டு பக்கத்திலும் அதையே போடுங்கள்.

இ., மதுரை

மடல் 3

மதுரை ஐயாவுக்கு வணக்கம். நான் வளைகுடாவில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். எங்கள் பக்கத்தில் “விசா வந்திருச்சா?” என்று கேட்பதற்கு எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம். விசா அடிச்சாச்சு, விசா முடிஞ்சிருச்சு, விசா கேன்சல், ஆசாத் விசா (போன பிறகு வேலையை நாமே தேடிக்கொள்வது) என்று அந்த ஒரு சொல்லை வைத்தே நாங்கள் வாழ்க்கையைப் பேசியிருக்கிறோம். அறுபது வயது அம்மா ஒருவர் தனியாக விமானம் ஏறும்போது கையில் வைத்திருக்கப்போகும் கையேடு இது. அதில் நுழைவிசைவு என்று படித்தால், தன்னிடம் இருக்கும் விசா போதாது, இன்னொரு காகிதமும் வேண்டும் போல என்று பயந்துவிடுவார்.

இன்னொன்று. அந்தச் சொல்லை என் மனைவியிடம் காட்டினேன். “நுழை, விசைவு” என்று பிரித்துப் படித்தாள். விசை என்று காதில் விழுகிறது, இசைவு விழவில்லை.

ரா., ராமநாதபுரம்

மடல் 4

அன்பர்களே, வேரிலிருந்து வருவோம். விசா என்பது இலத்தீன் மொழியில் ‘பார்க்கப்பட்டது’ என்ற பொருள் உள்ள சொல். ‘பார்வையிடப்பட்ட தாள்’ என்ற தொடரின் வால் மட்டும் தங்கி, பிரெஞ்சு வழியாக உலகெங்கும் போனது. ஆக, உள்ளே நுழைவது அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. அதிகாரி ஒருவர் பார்த்தார், அடையாளம் இட்டார் என்பதுதான் இருக்கிறது.

அப்படிப் பார்த்து அடையாளம் இடும் வழக்கம் நமக்குப் புதிதா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அளவிட முடியாத பண்டங்கள் வந்து குவிகின்றன. அருங்காவல் உள்ள இடத்தில் “புலி பொறித்துப் புறம் போக்கி” என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். சோழன் முத்திரை விழுந்த பிறகே சரக்கு வெளியே போகும். எனவே பொறிச்சீட்டு, அல்லது சுருக்கமாகப் பொறிப்பு. ‘பொறிப்பு கிடைத்ததா?’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு நாளில் பழகிவிடும்.

விசாவை ‘வீசா’ என்று நெடிலாக எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். தமிழில் வீசா என்றால் வீசாத என்று பொருள். வீசாக் காற்று, வீசா வலை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். காற்றே வீசாத இடத்துக்கு யார் போவார்கள்?

கோ., கோவை

மடல் 5

கோவை அண்ணாவுக்கு, வீசா என்று எழுதுவது எங்கட இலங்கை வழக்கம். அரசுத் தாள்களிலும் அப்படித்தான் வரும். வாசிக்கும் ஒருவருக்கும் காற்று ஞாபகம் வருவதில்லை.

ஆனால் வேறொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்கு அகதிகளாக வந்த எங்கட ஆக்கள் “அவருக்கு விசா கிடைச்சிட்டுது” என்றால் தூதரகம் ஒட்டிய ஸ்டிக்கரைச் சொல்லவில்லை. வழக்கு முடிந்து, இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பத்து வருஷம் காத்திருந்த ஒருவர் அப்படிச் சொல்லும்போது அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று கேட்டவருக்குத்தான் தெரியும். ஆகவே விசா எல்லாருக்கும் ஒரே பொருளில் விளங்கும் என்று ராமநாதபுரத்து அண்ணா சொல்வதை முழுக்க ஏற்க ஏலாது. எழுத்தில் அந்த அனுமதிக்கு வதிவிட அனுமதி என்ற சொல் எங்களிடம் இருக்கிறது. சகோதரி டி வகையைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அந்தச் சொல்லைப் பாவிக்கலாம்.

க., பாரிஸ்

மடல் 6

சிங்கப்பூர், மலேசியாவில் பாஸ்போர்ட்டைக் கடப்பிதழ் என்போம், அந்தத் துறையைக் குடிநுழைவு என்போம், ஆனால் விசா விசாவாகவே இருக்கிறது. தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் ‘நுழைவு அனுமதி’ போதாதா? எல்லாருக்கும் புரியும்.

தொல்காப்பியரும் இதற்கு இடம் விட்டிருக்கிறார். “கடிசொல் இல்லைக் காலத்துப் படினே.” காலத்தோடு வந்து வழங்கும் சொல்லை விலக்க வேண்டியதில்லை.

சி., சிங்கப்பூர்

மடல் 7

> நுழைவு அனுமதி போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 30-ஆம் பிரிவே இதைச் சொல்கிறது. விசா கையில் இருப்பதாலேயே உள்ளே வரும் உரிமை தானாக வந்துவிடாது. விமான நிலையத்தில் எல்லை அதிகாரி மறுபடி கேட்கலாம்: எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு என்ன, திரும்பும் டிக்கெட் எங்கே, காப்பீட்டுத் தாள் எங்கே. பதில் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். அனுமதி என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டால், “அதுதான் அனுமதி வாங்கியாச்சே” என்று எல்லாத் தாளையும் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை விமானத்தின் அடியில் ஏற்றிவிடுகிறார்கள். கைப்பையில் வையுங்கள் என்று கையேட்டில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

கோவை அண்ணா, புலி பொறித்த வரியை மறுபடி படித்தேன், மகிழ்ச்சி. ஆனால் 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முத்திரை குத்துவதைப் படிப்படியாக விட்டுவிட்டு, வரவையும் போக்கையும் கணினியிலேயே பதிகிறார்கள். பொறிப்பு என்று இன்று பெயர் வைத்தால், பொறிக்கும் வழக்கம் போகிற நேரத்தில் வைத்ததாக ஆகும்.

என் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே.

வ.

மடல் 8

அம்மா, நீங்கள் சொன்ன சட்டக் குறிப்புதான் என் சொல்லுக்குத் துணை. உரிமை வேறு, அனுமதி வேறு, இசைவு வேறு. இசைவு என்றால் ‘எங்களுக்கு மறுப்பில்லை’ என்பது மட்டும். தூதரகம் இசைகிறது, எல்லையில் உள்ளவர் அனுமதிக்கிறார். இரண்டு கட்டத்துக்கு இரண்டு சொல். விசா என்ற ஒலியில் இந்த வேறுபாடு எங்கே இருக்கிறது?

சிங்கப்பூர் அன்பருக்கு: கடிசொல் நூற்பாவைக் கதவைத் திறந்து போடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. அயற்சொல் பற்றி அவர் நேராகப் பேசும் இடம் “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே” என்பது. வரும் சொல் தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்த வேண்டும் என்று அங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்.

இ.

மடல் 9

ஐயா, அந்தக் கட்டுப்பாட்டை விசா ஏற்கெனவே தாண்டிவிட்டதே. வி, சா. கிரந்த எழுத்து இல்லை, மொழிமுதலில் வகரம், ஈற்றில் ஆகாரம். பாஸ்போர்ட் என்று எழுதத்தான் ஸகரமும் மெய்ம்மயக்கமும் (மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேரும் முறை) முட்டுகின்றன. அதனால்தான் கடவுச்சீட்டு வென்றது, விசா தங்கியது என்பது என் எண்ணம்.

சி.

மடல் 10

இதற்குள் நுழையாமல் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். செலவை ஏற்பவரைப் புரவலர் என்று சில தாள்களில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். ஆற்றுப்படையில் பாணன் தேடிப் போகிறவர் புரவலர். பெற்ற தாய் மகனிடம் பரிசில் வாங்கவா போகிறார்? என் பக்கத்து வீட்டு அக்கா அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, “நான் வளர்த்த பிள்ளை எனக்குப் புரவலனா?” என்று முகம் சுருங்கிப்போனார். வளைகுடாவில் கஃபீல், அதாவது நம் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, என்ற சொல்லுக்கு உள்ள கசப்பு அது. ‘செலவுப் பொறுப்பாளர்’ என்று போடுங்கள். ஜெர்மனியில் பிள்ளை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் தாளுக்குச் ‘செலவுப் பொறுப்பேற்பு உறுதிமொழி’. நீளம்தான், ஆனால் செலவுக்குச் சட்டப்படி அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் தெரிகிறது.

மூன்றாம் கேள்விக்கு: செல்லும் தேதி, இருக்கக்கூடிய நாள். அவ்வளவுதான்.

ரா.

மடல் 11

செலவுப் பொறுப்பாளர் மிக நன்று, எடுத்துக்கொள்கிறேன்.

‘செல்லும்’ என்பதில்தான் தடுக்குகிறது. கையேட்டில் அது மூன்று இடத்தில் வருகிறது. கடவுச்சீட்டு கடந்த பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுக்கச் செல்ல வேண்டும். விசா செல்லும் தேதி இன்னொன்று. கட்டணம், காத்திருப்பு இதிலெல்லாம் குழப்பமே இல்லை: பெரியவர்களுக்கு 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பயணத்துக்குப் பதினைந்து நாளாவது இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். ஆனால் இந்த மூன்று ‘செல்லும்’ ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் எதை எதோடு சேர்ப்பார்?

வ.

மடல் 12

அம்மா, நேற்று இரவு இதை நினைத்துக்கொண்டே இருந்தேன். ‘இருக்கக்கூடிய நாள்’ சரி, ஆனால் கட்டத்துக்குள் நிற்காது. ‘தங்குநாள்’ என்று எழுதுங்கள்.

இது வினைத்தொகை, “காலம் கரந்த பெயரெச்சம்”. தங்கிய நாள், தங்குகின்ற நாள், தங்கும் நாள் மூன்றும் உள்ளே இருக்கின்றன. நீங்கள் சொன்ன 180 நாள் கணக்கும் அதையேதானே கேட்கிறது? போன முறை வந்து தங்கிய நாளும் இப்போது தங்குகிற நாளும் இனித் தங்கப்போகும் நாளும் சேர்ந்து 90-ஐத் தாண்டக் கூடாது. நாற்பது ஆண்டு ஊறுகாய், சுடுசோறு என்றே எடுத்துக்காட்டுச் சொல்லி நடத்தினேன். இப்படி ஒரு பயன் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

‘செல்லும்’ கடவுச்சீட்டுக்கும் காப்பீட்டுக்கும் இருக்கட்டும். விசாவில் உள்ள இரண்டு தேதிகளைப் ‘பயணத் தேதி எல்லை’ எனலாம்.

இ.

மடல் 13

மதுரை ஐயா, தங்குநாள் அருமை. என் மனைவியிடம் காட்டினேன். “எத்தனை நாள் தங்கலாம்னு போட்டிருக்கு” என்றாள். பிரித்துப் படிக்கவே இல்லை.

ரா.

மடல் 14

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை அச்சகத்துக்கு அனுப்பியது இது:

விசா (நுழைவிசைவு) என்று முதல் பக்கத்தில் ஒருமுறை. பிறகு எங்கும் விசா. செலவுப் பொறுப்பாளர். வதிவிட அனுமதி, டி வகை பற்றிய வரியில். பயணத் தேதி எல்லை, தங்குநாள். ஸ்டிக்கரின் மாதிரிப் படத்தில் இந்த இரண்டு இடத்தையும் வட்டமிட்டு, 30 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘தங்குநாள்: இதற்கு மேல் ஒரு நாளும் கூடாது’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

வ.

மடல் 15

மகிழ்ச்சி அம்மா. ஆனாலும் அடைப்புக்குள் போக வேண்டியது விசாதான். நுழைவிசைவு வெளியே நிற்க வேண்டும். பெரும்பான்மைக்காக விட்டுக்கொடுக்கிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மறுபதிப்பு எப்போது என்று தெரிந்தால் சொல்லுங்கள், முன்கூட்டியே எழுதுகிறேன்.

இ.

மடல் 16

பொறிப்பையும் மறுபதிப்பில் பரிசீலிக்க வேண்டும்.

கோ.