வீட்டுக் குழுவில் ஜாக் கிளெமென்ட்

நான்: பெரியப்பா, அமெரிக்காவில் நாஷ்வில்லில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வந்திருக்கிறேன், கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பெரியவர்களுக்குப் பலகை வைத்துக் கௌரவிக்கும் இடம். நீங்கள் சொன்ன ஜாக் கிளெமென்டின் வெண்கலப் பலகையைக் கண்டுபிடித்துவிட்டேன். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரியப்பா: பார்த்துக்கொண்டே இருக்கிறேன் தம்பி. கேசட் உறையில் பொடி எழுத்தில் நான் படித்த பெயர். இவ்வளவு பெரிதாக இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அக்கா: யார் பெரியப்பா இவர்? பாடகரா?

பெரியப்பா: பாடுவார், பாட்டு எழுதுவார், மற்றவர்கள் பாடுவதைப் பதிவு செய்து தருவார். கடைசியில் சொன்னதில்தான் அவருக்கு ஈடு கிடையாது. 1956ல் மெம்ஃபிஸில் தன் சின்ன இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்து, இசைத்தட்டாக்க சன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். முதலாளி சாம் ஃபிலிப்ஸ் கேட்டுவிட்டு ஆளையே வேலைக்கு வைத்துக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் சாம் ஊரில் இல்லாதபோது பியானோக்காரப் பையன் ஒருவன் வந்தான். ஜாக் திருப்பி அனுப்பவில்லை, பாடவைத்துப் பதிவு செய்தார். அவன்தான் ஜெர்ரி லீ லூயிஸ்.

நான்: அதே வருடம் டிசம்பர் 4ல் பெரிய பாடகர்களான எல்விஸ், ஜானி கேஷ், கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ நான்கு பேரும் சன் ஸ்டுடியோவில் சேர்ந்து பாடியபோது டேப்பை ஓடவிட்டவரும் இவர்தான்.

அம்மா: இவ்வளவு செய்தவரை நன்றாக வைத்துக்கொண்டார்களா?

பெரியப்பா: எங்கே! 1959ல் சாம் வேலையை விட்டு நீக்கிவிட்டார். ஆனால் ஜானி கேஷ் அவரை மறக்கவில்லை. 1963ல் ‘ரிங் ஆஃப் ஃபயர்’ பதிவுக்கு ட்ரம்பெட் வேண்டும் என்று தோன்றியதும் ஜாக்கைத்தான் கூப்பிட்டார். மெக்சிகோ பாணியில் அந்த ட்ரம்பெட்டை அமைத்துக் கொடுத்தது இவர். கன்ட்ரி பாட்டில் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை யார் கேட்டார்கள்? பாட்டு கன்ட்ரி பாடல் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அக்கா: அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்! இவரா அது?

பெரியப்பா: அதைவிட நான் மதிப்பது கறுப்பினப் பாடகர் சார்லி பிரைட் விஷயத்தைத்தான். மிசிசிப்பியில் பருத்தி விளைவிக்கும் வாரக்குடி வீட்டுப் பிள்ளை. பேஸ்பால் ஆடினார், மொன்டானாவில் உருக்காலையில் வேலை பார்த்தார். கறுப்பினத்தவர் கன்ட்ரி பாடுவதா என்று கம்பெனிகள் ஒதுங்கின. 1965ல் ஜாக் தன் கைக்காசைப் போட்டு அவர் குரலைப் பதிவு செய்தார். அப்புறம் பெரிய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏவின் செட் அட்கின்ஸ் அதைக் கேட்டு, சார்லியை அங்கே சேர்த்துக்கொண்டார். முதல் இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்குப் படம் இல்லாமல்தான் அனுப்பினார்கள்.

அக்கா: முகத்தை மறைத்தா? கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

பெரியப்பா: ஆமாம் கண்ணு. எனக்கும் அது ஆறவே இல்லை. ஆனால் குரல் நின்றது. சார்லியை முதன்முதலில் கன்ட்ரி பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுபோன பாட்டை எழுதியதும் ஜாக்தான். 1971ல் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது சார்லிக்கு.

அம்மா: ஜாக் தனக்காக எதுவும் பாடவில்லையா?

நான்: அவருடைய முதல் ஆல்பமே 1978ல்தான் அம்மா, 47 வயதில். அடுத்தது 2004ல். நடுவில் 26 வருடம்! மற்றவர்களுக்கே உழைத்திருக்கிறார்.

பெரியப்பா: 2011ல் வீட்டு ஸ்டுடியோ தீப்பிடித்து எத்தனையோ டேப்புகள் போய்விட்டன. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்: பலகையில் 2013 என்று இருக்கிறது.

பெரியப்பா: அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பதாக அந்த ஏப்ரலில் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 8ல் இறந்துவிட்டார், 82 வயது. சேர்ப்பு விழா அக்டோபரில்தான் நடந்தது. தெரிந்துகொண்டு போனாரே, அதுவரைக்கும் சரி. தம்பி, சார்லி பலகையும் அங்கேதான் இருக்கும், 2000ல் சேர்த்தார்கள். கிளம்பிவிட்டாயா?

நான்: வாசலில் நிற்கிறேன் பெரியப்பா. டிக்கெட் கையில் இருக்கிறது, திரும்பிப் போய் எடுத்து அனுப்புகிறேன்.