‘பச்சைவீடு’ என்னும் சொல்லுக்கு மாற்றாகக் ‘காப்புப்பந்தல்’: ஒரு முன்மொழிவும் மறுமொழிகளும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுத்தோட்டக் கலைச்சொற்பட்டியலின் வரைவில் ‘கிரீன்ஹவுஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பச்சைவீடு’ முதன்மைச் சொல்லாகவும், ‘பசுமைக்குடில்’, ‘பசுமை இல்லம்’, ‘பொலித்தீன் கூடாரம்’ ஆகியவை மாற்றுச்சொற்களாகவும் இடம்பெற்றிருப்பதைக் கண்டேன். இந்த நான்கில் எதையும் முழுமனதோடு ஏற்க என்னால் இயலவில்லை. என் தயக்கம் அகராதியிலிருந்து பிறந்ததன்று. இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள விசுவமடுவில் எங்கள் வளவின் பின்புறத்தில் ஒரே வாரத்தில் வாடிப்போன 60 கறிமிளகாய்க் கன்றுகளிலிருந்து பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனிக் கடைசியில், 10 அடி அகலமும் 20 அடி நீளமுமான ஒரு பச்சைவீட்டை நானே கட்டினேன். குளிர்நாட்டவர் எழுதிய வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றி, கூரைக்கும் நான்கு பக்கத்துக்கும் 200 மைக்ரோன் தடிப்புள்ள பொலித்தீனை இழுத்து அடித்து, கதவையும் இடைவெளி இல்லாமல் பொருத்தினேன். வீடு என்று பெயர் கேட்டவனுக்குச் சுவர் வைக்காமல் விட மனம் வரவில்லை என்பதே உண்மை. மூன்றாம் நாள் நண்பகலில் வெளியே 34 பாகை செல்சியஸ் இருந்தபோது உள்ளே தொங்கிய வெப்பமானி 47 காட்டியது. கன்றுகளுக்கு விடியவும் பொழுதுபடவும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவற்றுக்குத் தேவைப்பட்டதோ காற்று. பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்து, “இதென்ன, கன்றுகளை அவிக்கிறீரோ?” என்று கேட்டார். அவருக்கு இருந்த தெளிவு எனக்கு இருக்கவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் பிழை எங்கே நேர்ந்தது என்பது புலப்படும். 17ஆம் நூற்றாண்டில் அச்சொல் எழுந்தபோது, தோடை போன்ற என்றும் இலையுதிராச் செடிகளே அதில் வரும் ‘பச்சை’யால் குறிக்கப்பட்டன, அவற்றை மாரிக் குளிரிலிருந்து காக்கும் கட்டடமே அந்த ‘வீடு’. அதற்கும் மிக முன்னரே, உரோமப் பேரரசன் திபேரியசின் உணவுக்காக வெள்ளரி இனக் காயைச் சில்லுப் பூட்டிய பாத்திகளில் வளர்த்து, வெயில் நாளில் வெளியே தள்ளியும், குளிர் நாளில் ஒளிபுகும் கல்தகடுகளின் கீழ் வைத்தும் பேணினார்கள் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதே அவர்கள் எல்லோருடைய கவலையும். வன்னியில் நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு வேண்டியவை வேறு: சித்திரை தொடக்கம் ஆவணி வரை வெயிலை மட்டுப்படுத்த வேண்டும், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டும் மழை பூவிலும் பிஞ்சிலும் நேரே அடிக்காமல் தடுக்க வேண்டும், மிளகாயில் இலைச்சுருளைக் கொண்டுவரும் பூச்சிகளையும் தக்காளிக்கு நச்சுயிரியைக் காவிவரும் வெண் ஈயையும் வெளியே நிறுத்த வேண்டும், குரங்கையும் மயிலையும் மறிக்க வேண்டும். (முத்தையன்கட்டுப் பக்கத்திலுள்ளவர்கள் யானையையும் சேர்க்கச் சொல்வார்கள். யானையை மறிக்கும் வலை எதுவும் என் அறிவுக்கு எட்டவில்லை.) இத்தனைக்கும் நடுவில் காற்று மட்டும் தடையின்றிப் போய்வர வேண்டும். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரத் தொடங்கும். ஆகவே அடைத்த வீடு இங்கே காப்பு ஆகாது, கேடே ஆகும்.

இனி மாற்றுச்சொற்களுக்கு வருகிறேன். ‘பசுமை’ இன்று சவர்க்காரம் முதல் சீமெந்து வரை எல்லாவற்றுக்கும் ஒட்டப்படும் அடைமொழியாகிவிட்டதால் அதற்குப் பொருள் மிஞ்சவில்லை. ‘இல்லம்’, ‘குடில்’ இரண்டும் மனிதர் உறையும் இடங்கள். சுவரும் கதவும் அவற்றோடு கூடவே வந்துவிடும். ‘கூடாரம்’ வடிவத்துக்குப் பொருத்தமாக இருக்கலாம். ஆயினும் 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிக்குளத்து முகாம்களில் மாதக்கணக்காகக் கூடாரத்தின் கீழ் வெந்து கிடந்த தலைமுறை இன்னும் இங்கே பயிர் செய்கிறது. பொலித்தீன் கூடாரம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லப்பட்டபோது, எனக்கு அருகே இருந்த ஓர் அம்மா, “அதுக்குள்ள திரும்பவும் போகச் சொல்லுறியளோ?” என்று மெதுவாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. ‘கொட்டில்’ என்பதை நானே ஒருகாலத்தில் விரும்பினேன்; தறப்பாள் கொட்டிலை நினைத்து அதையும் விட்டுவிட்டேன்.

நான் முன்மொழியும் சொல் ‘காப்புப்பந்தல்’. பந்தல் நமக்கு மேலே மறைப்பும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள அமைப்பு. பாகலும் புடோலும் படர்வது பந்தலில்; வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போகிறவர்கள் தாகம் தீர்ப்பது தண்ணீர்ப்பந்தலில். செடிக்கும் நிழலுக்கும் தண்ணீருக்கும் ஏற்கெனவே உறவான சொல் இது. ‘காப்பு’ என்ற அடை இதைக் கொடிப்பந்தலிலிருந்து பிரித்துக்காட்டும். ‘பாதுகாக்கப்பட்ட பயிர்ச்செய்கை’ என்று இப்போது நீட்டி எழுதுவதையும் ‘காப்புப் பயிர்ச்செய்கை’ என்று சுருக்கிக்கொள்ளலாம். புணர்ச்சியில் மட்டும் ஒரு வேண்டுகோள் உண்டு: இதில் விளையும் தக்காளியைக் ‘காப்புப்பந்தற்றக்காளி’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், சொல் பிறந்த அன்றே இறந்துவிடும்.

உறுப்புகளுக்குப் புதிதாகச் சொல் படைக்கத் தேவையில்லை என்பதும் என் கருத்து. வீடு வேய்கிறவர்களிடம் கப்பு, வளை, கைமரம், முகடு, தாழ்வாரம் எல்லாம் உள்ளன. முதிரைக் கப்பு வாங்கும் காலம் போய் ஜீ.ஐ. குழாய் வந்துவிட்டதென்றாலும், ஓலைக்கு உரிய ‘வேய்தல்’ ஓட்டுக்கும் வந்தது போல, கைமரமும் இரும்புக்கு வரட்டும். (அந்த இரும்பு வெயிலில் கொதித்துத் தன்மேல் படும் பொலித்தீனை முதலில் இற்றுப்போகச் செய்யும். குழாயின் மேற்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசுங்கள், அல்லது பழைய துணியைச் சுற்றுங்கள்.) பூச்சிவலையின் நெருக்கத்தைக் குறிக்க முல்லைத்தீவுக் கடற்கரையில் சொல் இருக்கிறது: வலையின் துவாரம் அங்கே ‘கண்’. ஓர் அங்குலத்துக்கு 50 துவாரம் உள்ள வலையைக் ‘கண்ணெண் 50’ என்று எழுதலாம். வெண் ஈயை மறிக்க அந்த அளவு வேண்டும். கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும் என்பதால், வலை அடிக்கும் பக்கப் பரப்பைக் கூட்டித்தான் அதை ஈடுசெய்ய வேண்டும்.

மிகவும் சிந்திக்க வைத்தது முகட்டில் விடும் திறப்பு. சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேறும் வழி அதுவே. அது இல்லாமல் பக்க வலைகள் மட்டும் போதா. நமக்குச் சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருகின்றன. ஆகவே முகடு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடினால் இரண்டு காற்றும் நீளப் பக்கத்தில் வந்து மோதும். திறப்பை வடகிழக்கே பார்த்து விட்டால் சோளகம் கூரையைக் கடக்கும்போது உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் கார்த்திகையில் வாடையோடு வரும் மழை நேரே பாத்தியில் இறங்கும். தென்மேற்கே விட்டால் மழை வராது, சோளகம் சூட்டை மீண்டும் உள்ளே தள்ளும். நான் இரு பக்கமும் திறந்து, முகட்டின்மேல் குடை போல இன்னொரு சிறு கூரையை ஓரடி உயர்த்திப் போட்டேன். அந்தத் திறப்புக்கு ‘முகட்டுவாய்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். பூச்சி நுழையாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் இரு கதவுகளுக்கு நடுவிலுள்ள சிற்றிடத்துக்கு ‘இடைகழி’ என்ற பழஞ்சொல்லைப் பரிந்துரைக்கிறேன். திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கி நெருக்கி நின்ற இடம் அது.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

விசுவமடுவிலிருந்து

மறுமொழி

ஐயாவுக்கு வணக்கம்.

நான் வவுனியாவில் உயர்தர மாணவருக்கு விவசாய விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தங்கள் சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆயினும் மூன்று தடைகளைக் கூற வேண்டியிருக்கிறது.

முதலாவது, ‘பச்சைவீட்டு விளைவு’, ‘பச்சைவீட்டு வாயு’ ஆகியவை பாடநூல்களில் நிலைத்துவிட்டன. மூலச்சொல்லை மாற்றினால், பிள்ளை அந்த விளைவை எந்த வீட்டோடு பொருத்திப் பார்ப்பது? இரண்டாவது, கலைச்சொல் ஒரு வட்டாரத்தின் வெயிலுக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது. தை மாதத்தில் உறைபனி விழும் நுவரெலியாவில் இதே அமைப்பை இரவில் மூடியே வைக்கிறார்கள். ஈரத்தட்டியும் மின்விசிறியும் பூட்டிக் குளிர்விப்பவையும் மூடியவைதாம். அவற்றைப் பந்தல் என்றால் பந்தலுக்கே பொருள் கெட்டுவிடும். மூன்றாவது, ‘இடைகழி’ அழகான சொல், ஆனால் என் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. சோதித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். ‘இரட்டைப்படலை’ என்று சொன்னதும் கடைசி வாங்கிலிருந்த பையன் எழுந்து, “ஒண்டைச் சாத்திப்போட்டு மற்றதைத் திறக்கிறது, ரீச்சர்” என்று விளக்கமே கொடுத்துவிட்டான்.

‘கண்ணெண்’ மிக நன்று. அதை இன்றே பலகையில் எழுதினேன்.

அதற்கு மறுமொழி

அம்மணிக்கு வணக்கம்.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். இரட்டைப்படலையை முழுமனதோடு ஏற்கிறேன். அந்தப் பையனுக்கு முன்னால் ஆழ்வார்கள் எனக்கு உதவவில்லை. தமிழ்நாட்டு நண்பர்களும் முள்ளடைத்த படலை அறிந்தவர்கள் ஆகையால் அவர்களுக்கும் அது அந்நியமாகாது.

பச்சைவீட்டு விளைவைப் பொறுத்தவரை, இரண்டையும் பிரிப்பது இழப்பன்று என்றே நினைக்கிறேன். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வூட் இரண்டு சிறு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதை வெப்பக் கதிர்களைத் தாராளமாக வெளியே விடும் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டின் உள்வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் வெப்பம் தங்குவதற்கு முதன்மையான காரணம் சூடேறிய காற்று வெளியேற முடியாமையே. வளிமண்டலத்தில் நடப்பதோ வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சி மீண்டும் உமிழ்வது. ஒரே பெயர் இருப்பதால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணுகிறார்கள். என் 47 பாகைக்கும் காரணம் அடைபட்ட காற்றுத்தான். பொலித்தீன் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி அளவுக்குத் தடுப்பதுமில்லை. விளைவுக்கும் வாயுவுக்கும் உள்ள பெயர்கள் அப்படியே இருக்கட்டும். அவற்றைத் தொட எனக்கு எண்ணமில்லை.

இரண்டாவது தடைதான் என்னை இரண்டு இரவு விழிக்க வைத்தது. அதில் நான் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நுவரெலியாவில் இரவில் மூடி வைப்பது பந்தல் அன்று, வீடுதான். எனவே ‘பச்சைவீடு’ என்பதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் என் சொல்லை வைக்கும்படி கேட்டதை மீட்டுக்கொள்கிறேன். பட்டியலில் இரண்டு பதிவுகள் வேண்டும். பச்சைவீடு: ஒளிபுகும் பொருளால் எல்லாப் பக்கமும் மூடப்பட்டு, உள்வெப்பம் கட்டுப்படுத்தப்படும் பயிர்க்கட்டடம். காப்புப்பந்தல்: மேலே மழையைத் தடுக்கும் ஒளிபுகு கூரையும், பக்கங்களில் பூச்சிவலையும், முகட்டில் திறப்பும் உடைய, இயற்கைக் காற்றோட்டத்தால் இயங்கும் பயிரமைப்பு. முதலாவதைக் கேட்டவர் மூடுவார், இரண்டாவதைக் கேட்டவர் திறப்பார். ஈரத்தட்டியும் விசிறியும் முதலாவதற்கே போகட்டும்.

இரண்டாவது வரையறையோடு ஒரு குறிப்பும் சேர வேண்டும். வலை பூச்சியை மறிப்பது போலத் தேனீயையும் மறிக்கும். ஆகவே உள்ளே நடும் வெள்ளரி மகரந்தச் சேர்க்கையின்றிக் காய்க்கும் வகையாக இருக்க வேண்டும்; தக்காளியின் பூங்கொத்தைக் காலையில் தட்டிவிட வேண்டும். காப்பு என்ற சொல்லை நம்பி இதை மறந்தவர்கள் கொடியை மட்டும் வளர்த்தார்கள். நீரைத் துகளாக்கிப் பாய்ச்சும் கருவிக்குப் ‘பனித்தூவி’ என்று வரைவில் இருப்பது போதுமானது. உலர்ந்த சோளக நாளில் அது வெப்பத்தை இறக்கும், மார்கழியில் பூஞ்சணத்தை மட்டுமே வளர்க்கும்.

‘முகட்டுவாய்’ பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே அது இன்னும் ஒப்பவில்லை, ஏனெனில் வாய் என்றால் உள்ளே எடுக்கும் உறுப்பு, இதுவோ சூட்டை வெளியே விடுவது. ‘முகட்டுமூக்கு’ என்று என் பேத்தி சொன்னாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஓலை வேய்கிற முதியவர் யாரிடமாவது, அடுப்படிப் புகை போக முகட்டில் விடும் இடைவெளிக்கு அவர்கள் என்ன பெயர் வழங்கினார்கள் என்று கேட்டு எழுத முடிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவை வெறுமையாகவே விட்டுவைக்குமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

விசுவமடுவிலிருந்து